உனக்கு இங்கே ஒரு இடம் இருக்கிறது

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்றும் கல்லூரி அணியிலிருந்து அழைப்பு வரவில்லை. உயிரியல் வகுப்பில் கைப்பேசியைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை அதிர்ந்தது. ஒன்று நூலகம், நான் எடுத்த புத்தகத்துக்குத் தவணை முடிகிறதாம். இன்னொன்று அம்மா, வரும்போது பால் வாங்கிவரச் சொல்லி.

ஜூலைக் கூடைப்பந்துப் போட்டிகளில் பட்ட பயமே தேவலை. அங்கே கல்லூரி கோச்சுகள் சுவரோரமாக மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். எங்களோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது விதி. சட்டையில் தைத்திருக்கும் பெயரைப் பார்த்துத்தான் யார் எந்தக் கல்லூரி என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஹால்பர்ன் பல்கலைக்கழகத்தின் பச்சைச் சட்டைக்காரர் என் ஆட்டங்களுக்கு விடாமல் வந்தார். கடைசி ஆட்டத்தில் நான் பந்தைக் கோட்டைவிட்டதும் எழுந்து போய்விட்டார். "அவருக்கும் மூத்திரம் வரும்டீ, கோரி" என்றாள் இமானி. அவள் எங்கள் அணியில் உயரமானவள். என் ஒரே நெருங்கிய தோழி. இருக்கலாம். ஆனால் ஒரு மாதமாக அந்தக் காலி நாற்காலிதான் கண்ணுக்குள் நிற்கிறது.

டெர்ரி கிரீக் கல்லூரியின் கோச் டிராகூ மட்டும் வாராவாரம் கைப்பட எழுதி அட்டை அனுப்புகிறார். அது சின்னக் கல்லூரி, காரில் ஒரு மணி நேரம். "நல்ல மனுஷிதான். ஆனா அவங்க ஜிம் நம்ம ஸ்கூல் ஜிம்ல பாதிகூட இருக்காது" என்று அப்பா சொன்னார். உண்மைதான். ஆனால் எங்கள் ஊர் மொத்தமும் ஆட்டம் பார்க்க வந்து உட்கார்ந்தாலும் எங்கள் ஜிம்மே நிரம்பாது. இந்தியானாவில் ஊரைவிட ஜிம்மைத்தான் பெரிதாகக் கட்டுகிறார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வந்துவிட்டது.

பச்சைச் சட்டைக்காரர்தான், கோச் ப்ரூயிட். குரல் அவ்வளவு இதமாக இருந்தது. ஆட்டத்தை நான் நடத்தும் விதம் அவர்கள் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்றாம். பிறகு சொன்னார்: "இங்க உனக்கு ஒரு இடம் இருக்கு, கோரி. நீ வந்தா எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. என்ன சொல்ற?"

வர்றேன் என்று சொன்னேன். என் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அப்பா தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் வேட் ஒரு வருடத்திலேயே கல்லூரியை விட்டுவிட்டு வந்தவன். கட்டணம் கட்ட முடியவில்லை. அன்றைக்குப் பிறகு அப்பா அழுது இன்றுதான் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கல்லூரி முடிவானதும் எல்லோரும் இணையத்தில் செய்வதைத்தான் செய்தேன். என் படத்துக்குப் பச்சை நிறம் பூசி, எல்லோரும் எழுதும் அதே வாக்கியத்தை எழுதினேன்: முதலில் கடவுளுக்கு நன்றி, பிறகு குடும்பத்துக்கு, பிறகு கோச்சுகளுக்கு, நான் ஹால்பர்னுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இத்தனை புத்தகம் படித்து என்ன, சொந்தமாக ஒரு வரி வரவில்லை.

நான் கைப்பேசியைக் கீழே வைப்பதற்குள் கோடை விடுமுறையில் நான் ஆடும் அணியின் கோச் மார்லன் அதை எடுத்துத் தன் பக்கத்தில் போட்டுவிட்டார், 'என் பிள்ளைகளில் இன்னொருத்தி' என்று. சாயங்காலம் உணவு விடுதியின் எழுத்துப் பலகையில் பன்றி இறைச்சி ரொட்டியின் விலையை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டிருந்தார்கள். அப்பா தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறார். இன்று சோளம் இறக்க வந்த ஒவ்வொரு லாரிக்காரரிடமும் சொல்லியிருக்கிறார்.

என்னோடு பேசிக்கொண்டிருந்த மற்றக் கல்லூரிகள் வாழ்த்து அனுப்பிவிட்டு விலகிக்கொண்டன. கோச் டிராகூவும்தான். ஒருத்தி வாக்குக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் அவளைத் தொடக்கூடாது. அதுதான் மரியாதை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தேவாலயம் முடிந்து இமானியோடு உணவு விடுதிக்குப் போனேன். வறுவலைத் தின்றுகொண்டே சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஃபுல் ஸ்காலர்ஷிப்தானே?"

"இடம் இருக்குன்னு சொன்னார்."

"எந்த இடம்? பெஞ்சுலயா, கேன்டீன்லயா?"

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினாள். ஸ்காலர்ஷிப் என்ற வார்த்தையை அவர் சொன்னாரா என்று மெதுவாகக் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். அந்த வார்த்தை அதில் இல்லை.

"அப்ப அது ஆஃபர் இல்லடீ. உபசாரம். வாசல்ல நிக்கறவங்கள சாப்பிட்டுப் போங்கன்னு சொல்றாங்களே, அந்த மாதிரி. உள்ள இலை போட்டிருக்கான்னு நீதான் பாக்கணும்."

அவளுடைய அண்ணனுக்கு இதுதான் நடந்ததாம். கல்லூரிக் கட்டணத்தைத் தானே கட்டிக்கொண்டு அணியில் ஆடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் சீருடை, பயிற்சி, பெஞ்சில் இடம் எல்லாம் உண்டு. அதற்கும் 'இடம்' என்றுதான் பேர்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. இலை போட்டிருக்கா? போட்டிருக்கும். இல்லேன்னா எதுக்கு எங்க வீட்டுப் பொண்ணுன்னு சொல்லணும்?

ஆகஸ்ட் 25, திங்கள்

கேட்டால் தெரிந்துவிடும். அதனால்தான் கேட்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

பள்ளியில் புது கோச்சிடம் கேட்கலாம் என்றால் அவருக்கு கோல்ஃப்தான் தெரியும். மார்லனிடம் கேட்டேன், வேறொரு பெண்ணைப் பற்றிக் கேட்பதுபோல. அவர் உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"கையெழுத்து நாள் வரைக்கும் வாயைத் திறக்காதே. கேள்வி கேக்கற பொண்ணுன்னு பேர் வாங்காதே. வேற காலேஜ்ல ரெண்டு மூணு வருஷம் ஆடினவங்களே இப்ப வரிசையா மாறி வர்றாங்க. உன்னை மாதிரிப் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குக் கதவு பாதி சாத்தியாச்சு. அதைப் போய்த் தட்டி முழுசா சாத்த வைக்காதே."

கல்லூரியோடு ஒப்பந்தம் போடும் அந்தக் கையெழுத்து நாள் நவம்பரில். அதுவரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா? அன்றைக்கு மேசையில் தாள் வராவிட்டால்?

செப்டம்பர் 14, ஞாயிறு

அப்பா பச்சைத் தொப்பி வாங்கியிருக்கிறார். சாப்பிடும்போதுகூடக் கழற்றவில்லை. வேட், வாயில் உருளைக்கிழங்கோடு, "எல்லாம் எழுத்துல வந்துடுச்சா?" என்று கேட்டான். அவங்க வாக்குக் குடுத்திருக்காங்க, வாயைக் கழுவு என்றார் அப்பா. அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

பாத்திரம் கழுவும்போது அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அந்த கோச் என்ன வார்த்தை சொன்னார்னு எனக்கு ஒரு தடவை அப்படியே சொல்லு."

எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா என்று சொல்லிவிட்டேன். அவள் அதே தட்டை இன்னொரு முறை துடைத்தாள்.

அம்மாவுக்குத் தெரிஞ்சிடுச்சா? தெரிஞ்சா ஏன் சும்மா இருக்கா? அவளுக்கும் என்னை மாதிரியே கேக்கப் பயமா?

செப்டம்பர் 22, திங்கள்

ஹால்பர்னுக்கு ஒஹாயோவிலிருந்து ஒரு பெண் வாக்குக் கொடுத்திருக்கிறாள். அதே பச்சை, அதே கடவுளுக்கு நன்றி. அவளும் என்னைப்போல ஆட்டத்தை நடத்துகிறவள். என் உயரம்தான். என்னைவிட வேகம். அவளுடைய ஆட்டக் காணொளிகளைப் பார்த்தேன், திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவள் எழுதியதில் ஒரு வார்த்தை அதிகம். 'முழு ஸ்காலர்ஷிப்'.

அவகிட்ட சொல்லியிருக்காங்க. என்கிட்ட சொல்லல. நான் காதுல என்ன வச்சிருந்தேன்? வார்த்தையப் பாக்கற பொண்ணுன்னு இங்கிலீஷ் டீச்சர் சொன்னாங்களே. வார்த்தையா பாத்தேன் நான்?

பயிற்சியில் இன்று மூன்று பந்துகள் என் கையிலிருந்தே நழுவின. நாளைக்கு நீ பேசறே, நான் பக்கத்துல உக்காந்திருப்பேன் என்று இமானி சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பேசினேன்.

பள்ளி வாகன நிறுத்தத்தில், இமானியின் காரில். கண்ணாடியை ஏற்றிவிட்டு என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கோச் ப்ரூயிட் உடனே எடுத்தார். அதே இதமான குரல். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, பள்ளி எப்படிப் போகிறது என்று விசாரித்தார். இடையில் நுழைய எனக்கு வாய் வரவில்லை. இமானி கிள்ளினாள்.

"கோச், நீங்க சொன்ன இடம்... அது ஸ்காலர்ஷிப்போடவா?"

அந்தப் பக்கம் அவர் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது. அப்போதே தெரிந்துவிட்டது.

"ஐயோ, கோரி. நாங்க அப்படிச் சொல்லலையேம்மா. அணியில இடம்னுதான் சொன்னோம். முதல் வருஷம் உங்க செலவு, அப்புறம் ஆட்டத்தைப் பாத்து யோசிக்கலாம். உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்னு நினைச்சோம்."

அவர் பொய் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் நன்றி என்று சொல்லிவிட்டு வைத்தேன். நன்றி! எதுக்குச் சொன்னேன்?

அப்பா கொட்டகையில் லாரிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், எல்லாவற்றையும், அம்மாவிடம் மழுப்பியதையும். அப்பா கத்துவார் என்று நினைத்தேன். துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். "வீட்டுப் பொண்ணுன்னு சொன்னானே" என்றார். பிறகு லாரியில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பவில்லை. வெளியே நின்ற எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. அம்மா வந்து மறுபக்கக் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செப்டம்பர் 25, வியாழன்

இதற்கும் ஒரு வாக்கியம் இருக்கிறது. நீண்ட யோசனைக்கும் பிரார்த்தனைக்கும் பிறகு ஹால்பர்னிலிருந்து விலகுகிறேன், இனி எல்லாக் கல்லூரிகளோடும் பேசத் தயார். ஏதோ நான்தான் அவர்களை வேண்டாம் என்று சொன்னதுபோல. எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். நானும் எழுதினேன்.

ஊர் நம்பிவிட்டது. கடையில் ஒருத்தர் அம்மாவிடம், "பெரிய இடத்தையே உதறிட்டா உன் பொண்ணு. திமிரா, தைரியமா?" என்று கேட்டாராம். அம்மா புன்னகைத்துவிட்டு வந்திருக்கிறாள். மார்லன் என் படத்தைத் தன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஒருவரும் அழைக்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

நானே அழைத்தேன், கோச் டிராகூவை. எழுதி வைத்துக்கொண்டு பேசினேன், இல்லாவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பின்னால் துணி துவைக்கும் இயந்திரத்தின் இரைச்சல். அந்தக் கல்லூரியில் சீருடைகளைக் கோச்தான் துவைக்கிறார் போலிருக்கிறது. எனக்கு இடம் இருக்கிறதா, அது எந்த மாதிரி இடம், யார் செலவு என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டேன்.

அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"நீ போயிட்டேன்னு நினைச்சு வேற ஒரு பொண்ணுகிட்டப் பேசிட்டேன், கோரி. அவ வெள்ளிக்கிழமை சொல்லணும். சரின்னுட்டா என்கிட்ட ஆட்டத்துக்குன்னு குடுக்கக் கொஞ்சம்தான் மிஞ்சும். உன் மார்க்குக்குக் காலேஜ் தர்றது தனி. ரெண்டையும் ஒட்டுப்போட்டா போதுமான்னு எனக்கு இப்பத் தெரியாது. தெரியும்னு சொன்னா பொய்."

தெரியாது என்று ஒருவர் சொல்லி எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது இதுதான் முதல் தடவை. ஆனாலும் பயம்தான். அந்தப் பெண் யாரோ. அவள் மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொள்ளத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

அவள் சரி என்று சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 18, சனி

இருந்தாலும் கோச் டிராகூ வரச் சொன்னார். அண்ணனையும் சேர்த்து நாலு பேரும் போனோம். ஜிம் சின்னதுதான், கூரையில் ஒரு மூலையில் மழை ஒழுகிய கறை. கோச் டிராகூ எங்களை உட்காரவைத்து, ஆட்டத்துக்கு இவ்வளவு, மார்க்குக்கு இவ்வளவு, மீதிக்கு நூலகத்தில் வேலை என்று கணினியில் காட்டினார். எனக்குக் கேட்க வேண்டியது ஒன்று பாக்கியிருந்தது. அடிபட்டு முழங்கால் போய்விட்டால்?

"மார்க்குக்குக் குடுக்கறதை யாரும் தொட முடியாது. என் பங்கு அந்த வருஷம் முழுக்க உனக்குத்தான். அடுத்த வருஷத்துக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

திரும்பும் வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே அப்பா ஓட்டினார். அம்மா பின்னால் கை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நவம்பர் 12, புதன்

டெர்ரி கிரீக்குக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. பள்ளி ஜிம்மில் ஒரு மேசை, ஒரு துணி, நானும் பக்கத்தில் இமானியும். கூட்டம் அதிகமில்லை. என் பெயரின் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

பிறகு எல்லோரும் உணவு விடுதிக்குப் போனோம். அப்பாவோடு கிடங்கில் வேலை பார்க்கும் ரெனே, உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக அப்பாவிடம் ஆரம்பித்தார். "பெரிய இடம் புடிக்காம உதறிட்டு டெர்ரி கிரீக்கா? உன் பொண்ணுக்கு ரொம்பத்தான் மவுசுடா, டேல்." நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். ஏழு வாரமாக இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் நாங்கள் புன்னகைத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்பா வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"அவ உதறல, ரெனே. ஸ்காலர்ஷிப்னு அவங்க சொல்லவே இல்ல. எங்களுக்குத்தான் புரியல. இவதான் போன் போட்டுக் கேட்டுத் தெரிஞ்சுகிட்டா."

யாரும் சிரிக்கவில்லை. ரெனே தொப்பியைத் தள்ளித் தலையைச் சொறிந்தார். அவருடைய மகள் எட்டாம் வகுப்பில் ஆடுகிறாள். நாற்காலியை இழுத்து எங்கள் மேசையோரம் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"போன்ல அவர்கிட்ட என்னன்னும்மா கேட்ட? அதை அப்படியே சொல்லு."