உறவு எண் இரண்டு

என்னங்க,

முதுகுவலி குறைந்ததா? துபாயில் நான் நலம். போனில் மறுபடி கேட்டால் சண்டையாகும், அதனால் எழுதுகிறேன்.

நோய்களை எண்ணாக்கிப் பதிவதுதானே இந்தக் கிளினிக்கில் என் வேலை. நீங்கள் அனுப்பிய செந்துறை ஆஸ்பத்திரிச் சீட்டிலும் எண்களைத்தான் முதலில் பார்த்தேன். உடன் வந்தவர் கீதாஞ்சலி, உறவு 2. அடியில் அச்சிட்ட பட்டியலில் 2 என்றால் மனைவி. உங்கள் மாமன் மகளான அவளுக்கு 9 போட வேண்டும், பிற உறவு.

"எழுதுற பொண்ணு தப்பாப் போட்டுருச்சு, விடு" என்றீர்கள். அந்தப் பெண் கேட்டபோது நீங்கள் இருவரும் என்ன சொன்னீர்கள்?

அதே நினைப்பில் நேற்று ஒரு தாத்தாவுக்குப் பிரசவ எண் போட்டுவிட்டேன். மேனேஜர் சிரித்துவிட்டார், பயப்படாதீர்கள்.

பருப்புப்பொடியோடு உங்கள் பழைய சட்டை ஒன்றும் அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

கிளினிக் வண்டி வந்துவிட்டது. சீட்டைத் திருத்திவிடுங்கள். செந்துறைக்குத் தனியாகவே போங்கள்.

பிரவீணா