பார்க்காத ஆளுக்குப் பேர் இல்லை

மார்ச் 3

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால், "வந்து பார்த்துத் தெரிஞ்சுக்கோங்க" என்பாய். அதனால் கேட்கவில்லை. முக்கியமான விஷயத்தைப் போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, எதுவானாலும் கடிதம்தான் என்று நாம் போட்ட சட்டத்தை மீறாமல் எழுதுகிறேன்.

இந்த ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை எனக்குப் பிடித்துவிட்டது. முன்னால் இருந்த முதியோர் இல்லம் மாதிரி இல்லை. அதற்கும் முன்னால் இருந்த பள்ளிக்கூடம் மாதிரியும் இல்லை. சிரிக்காதே, இந்தத் தடவை நிஜம். எங்களுக்கு மேல் மாடியில் காது கேளாத பிள்ளைகளுக்கு வகுப்பு ஆரம்பிக்கிறார்கள், ஆசிரியை கிடைக்காமல் அலைகிறார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சமூக நலம் என்று எங்கே போனாலும் ஆள் வேண்டும், ஆள் வேண்டும் என்கிறார்கள். நாம் மட்டும் எதற்கு ஆளுக்கொரு ஊரில் கிடந்து காய வேண்டும்?

கேட்டால் "யோசிக்கிறேன்" என்று இழுப்பாய். அதனால் உன் பேரில் நானே விண்ணப்பம் போட்டுவிட்டேன். திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு.

உன்
அவசரக்காரன்

மார்ச் 10

என்னங்க,

கையெழுத்தையும் நீங்களே போட்டீர்களா? படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரும்பலகையில் கோடு கோணலாகப் போனதைப் பார்த்துப் பிள்ளைகளே என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டார்கள்.

என் வகுப்பில் காது கேளாத இந்தப் பிள்ளைகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். யார் பேரையும் விரலில் எழுத்தெழுத்தாகக் காட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளைப் பார்த்து, பழகி, ஒரு சைகை வைப்பார்கள், அதுதான் பேர். எனக்குக் கன்னத்தில் ஒரு விரலால் தீற்றுவது, எப்போதும் அங்கே சாக்பீஸ் ஒட்டியிருக்குமாம். உங்களுக்கு மணிக்கட்டைத் தட்டுவது. வந்த தடவையெல்லாம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறு என்ன பேர் வைப்பார்கள்?

இன்று ரெட்டைச் சடைக்காரி என் முன்னால் வந்து நின்று மணிக்கட்டைத் தட்டினாள், எப்போது வருவார் என்று. உங்கள் கடிதம் என் பையில் இருந்தது. உன்னை விட்டுவிட்டு நான் அவரிடம் போகப்போகிறேன் என்று எந்தச் சைகையில் சொல்வது?

எனக்கும் உங்களோடு இருக்க ஆசைதான். ஒருத்திக்கு மட்டும் சமைத்து ஒருத்தியாகச் சாப்பிட்டு அலுத்துவிட்டது. ஆனால் பயமாக இருக்கிறது. ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். நான் வந்தால் நீங்கள் அங்கே இருப்பீர்களா?

உங்கள்
கோபக்காரி

மார்ச் 16

டீச்சரம்மா,

இருப்பேன். இதற்கு மேல் என்ன எழுதுவது?

என் அறையில் ஜன்னல் பக்கம் உனக்கு ஒரு மேஜை போட்டிருக்கிறேன். கால் ஆடுகிறது, அட்டை வைத்துச் சரிசெய்துவிடலாம். எங்கள் தலைமை தெரபிஸ்ட்தான் எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறார். முழங்காலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்கே பாடம் எடுக்கிறார். அதை விடு. நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

உன்
அவசரக்காரன்

ஏப்ரல் 20

என்னங்க,

உங்களுக்குத் தெரியாமல் நேர்காணலுக்குப் போய்வந்தேன். நீங்கள் போட்ட கையெழுத்தை அவர்கள் எதிரிலேயே திருத்திப் போட்டேன். எந்த ஊர்க்காரி இவள் என்று பார்த்தார்கள். வேலை கிடைத்துவிட்டது!

இங்கே ராஜினாமா கொடுத்தாயிற்று. ரெட்டைச் சடைக்காரி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடிக்கொண்டால் என் பேச்சே அவளுக்கு நின்றுபோகும். அந்த வகுப்பை விட்டு வெளியே வந்தது எனக்கு லேசான காரியமில்லை, அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வருகிற திங்கட்கிழமை வந்து சேர்கிறேன். போனில் சொல்லலாம் என்று நாக்கு அரித்தது. சட்டம் சட்டம்தானே.

உங்கள்
டீச்சரம்மா

ஏப்ரல் 20

டீச்சரம்மா,

கோபப்படாமல் படி. அந்தத் தலைமை தெரபிஸ்டோடு எனக்கு ஒத்துவரவில்லை. "நான் வேலை பார்க்கவா, உங்க மூஞ்சிய பார்க்கவா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். நல்லவேளை, சமூக நலத்துறையில் வீடு வீடாகப் போய் நடக்க முடியாதவர்களைப் பார்க்கும் வேலை உடனே கிடைத்தது. ஊர்தான் வேறு. நாளைக் காலையில் கிளம்புகிறேன்.

நீ இன்னும் யோசித்துக்கொண்டிருப்பது நல்லதாகப் போயிற்று. இங்கேயும் உனக்கு ஒரு இடம் இருக்கும்போலத் தெரிகிறது. விசாரித்து எழுதுகிறேன்.

உன்
அவசரக்காரன்

மே 4

என்னங்க,

உங்கள் கடிதம் பழைய ஊரில் என்னைத் தேடிவிட்டு, திரும்பி இங்கே வந்து சேர்ந்தது. உங்கள் அறையில் உட்கார்ந்து படித்தேன். நான் பெட்டியும் கையுமாக வந்து நின்றபோது வீட்டுக்கார அம்மா, "தம்பி உங்ககிட்ட சொல்லலையாம்மா?" என்று கேட்டார். சொல்லியிருக்கிறார், தபாலில் வருகிறது என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

போனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். பேசினால், புது ஊரில் எனக்கு என்ன வேலை காத்திருக்கிறது என்று ஆரம்பிப்பீர்கள். எனக்கு வேண்டாம். இந்த வேலையில் இருக்கப்போகிறேன். மேஜைக்கால் இன்னும் ஆடுகிறது. இரண்டாவது சாவி வீட்டுக்கார அம்மாவிடம் இருக்கிறது. இங்கே ஏதாவது காலியிடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வராதீர்கள். இருப்பதற்கு வருவதாக இருந்தால் வாருங்கள்.

புதுப் பிள்ளைகள் எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். கழுத்தை நீட்டி வாசலைப் பார்ப்பதுதான் பேர். பாடம் நடத்தும்போதெல்லாம் அப்படிப் பார்க்கிறேனாம். எனக்கே தெரியவில்லை. மாற்றச் சொன்னேன், முதலில் பார்ப்பதை நிறுத்துங்கள் என்கிறார்கள்.

வகுப்பில் என் மேஜையில் இருக்கும் நம் படத்தைக் காட்டி, பக்கத்தில் யார் என்று கேட்டார்கள். மணிக்கட்டைத் தட்டப்போன கையை இழுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர், இவருக்கும் நீங்களே ஒரு பேர் வையுங்கள் என்றேன்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசைக்காரி கையை விரித்தாள், ஆளையே பார்க்காமல் எப்படிப் பேர் வைப்பது டீச்சர் என்று.

இப்படிக்கு,
வாசலைப் பார்ப்பவள்