புது டிஸ்க்கில் அக்காவின் இடம்

செவ்வாய், இரவு.

பழைய லேப்டாப்புக்கு இன்று எஸ்.எஸ்.டி. என்ற வேகமான புது டிஸ்க் போட்டாகிவிட்டது. கதிர்காமத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர் நேற்றே சொல்லியிருந்தார்: "பழசுல இருக்கறதுல பாதிதான் தம்பி இதுல புடிக்கும். எதையாச்சும் அழிச்சுட்டு எடுத்துட்டு வாங்க."

லேப்டாப்பில் அக்கா பெயரிலும் ஒரு கணக்கு உண்டு. கல்யாணத்தோடு நின்றுபோன அவளுடைய ஆய்வு முழுவதும் அதில்தான் இருக்கிறது. வீராம்பட்டினத்தில் மீன் விற்கும் பெண்களிடம் எடுத்த வீடியோ பேட்டிகள். இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை அவைதான். போனில் கேட்டேன்.

"என்னோடத தூக்கிப் போடுடா. இனிமே அத யாரு பாக்கப் போறா?" என்றாள். பின்னால் குக்கர் விசில் அடித்தது. வைத்துவிட்டாள்.

சுலபமாகத்தான் சொன்னாள். அந்தச் சுலபத்தை என்னால் நம்ப முடியவில்லை. நான் சேர்த்து வைத்திருந்த சினிமாக்களை அழித்தேன். தியாகம் ஒன்றுமில்லை, பாதியை நான் பார்த்ததே இல்லை.

மாலையில் புது டிஸ்க்கோடு லேப்டாப் சட்டென்று திறந்தது. திரையில் இரண்டு பெயர்களும் இருந்தன.

சாப்பிட்ட பிறகு அக்காவே கூப்பிட்டாள்.

"அழிச்சிட்டியா?"

"இல்லக்கா."

"சொன்னா கேக்க மாட்டியே, எரும."

திட்டிவிட்டு வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்:

"பாஸ்வேர்ட் அதேதானடா?"