முன் சீட்டுப் பேச்சு

ஆக. 19, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குரங்கணி மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வண்டிக்கு வைப்பர் ரப்பர் மாத்தணும். பல் டாக்டர் (தள்ளிப் போடலாம்).

வீட்டுக்காரி மல்லிகா மேலே அவ தம்பி தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போய் ஒரு வாரம். வீட்டில் நான்தான் ராஜா. ரசம் மட்டும் அதே பழைய ரசம்.

சங்கத்தில் கூப்பிட்டார்கள். மு.ப.வீ. சங்கம், அதாவது முன்னாள் படைவீரர்கள், இந்நாள் சீட்டாட்டக்காரர்கள். செயலாளர் சுபேதார் மீசைக்குப் புதுசாக மை. தலைக்கும் அடித்திருப்பார், அங்கே முடி இல்லை. பட்டாளத்தில் பழைய ஆம்புலன்சுகளை மாத்தப் போகிறார்களாம். ஓட்டினவர்கள் கருத்து வேணுமாம்.

"நம்மள்ல ஆம்புலன்ஸ் ஓட்டின ஆளு நீதான்ப்பா. புது வண்டியில என்னென்ன வேணும்னு எழுதிக் கொண்டா."

இப்போது ஓட்டுவதும் அதே ரகம்தான். பட்டாளத்து ஏலத்தில் சங்கம் எடுத்தது. மலையடி ஊர்களுக்கு இலவச ஆம்புலன்ஸ். பச்சைக்கு மேலே வெள்ளை அடித்திருக்கிறோம், நகத்தால் கீறினால் பட்டாளம் தெரியும். மல்லிகா அதற்கு வைத்த பேர் 'ஒங்க மூத்தவ'.

எழுதியது:
1. டிரைவருக்கு ஃபேன்.
2. சீட்டுக்குப் பஞ்சு (இப்போது ஸ்பிரிங் மட்டும், அதுவும் வெளியே).
3. டீ கிளாஸ் வைக்க ஒரு ஓட்டை.
4. பாட்டு.
மீதி நாளைக்கு.

ஆக. 20, புதன்

மழை. மச்சினன் ராசு போன். சிக்னல் விட்டு விட்டு. "மாமா... அக்கா சறுக்கி விழுந்திருச்சு... பாறையில முதுகு..." எந்திரிக்க முடியலையாம். காலு எப்படி என்றேன்.

"இருக்குற மாதிரியே தெரியலைங்குது மாமா."

டோலி கட்டுறோம் என்றான். கம்பளியைக் கம்பில் தொங்கவிட்டுத் தூக்குவது. நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். டோலி வேணாம், முதுகு மடங்கக் கூடாது, காய் காயப்போடுற ஸ்டோர் கதவைக் கழத்து, அதுல வச்சுக் கட்டு. ஆடக் கூடாது. கட்டு.

காதரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வண்டி சீட்டு தைக்கிறவன், எனக்கு எப்பவும் முன் சீட்டுத் துணை. கடையைப் பூட்டாமலே ஏறினான்.

குரங்கணிக்கு மேலே ரோடு முடிகிற இடத்தில் நின்றோம். எவ்வளவு நேரமோ. மேலேயிருந்து ஒரு கதவு மட்டும் இறங்கி வந்தது. அதற்கடியில் நாலு தலை. கதவு மேல் பாலிதீன் சாக்கு, சாக்குக்கடியில் மல்லிகா. ஏலக்காய் வாசம். முகமெல்லாம் தண்ணீர்.

"சோறு தின்னீங்களா?" என்றாள்.

வண்டித் தரை உயரம், நாலு பேரும் கதவைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டியிருந்தது. ஸ்ட்ரெச்சர் சட்டத்தில் கதவு ஏறவில்லை, ரெண்டு விரக்கடை கூடுதல். தரையில் வைத்தோம். பின்கதவு மூடாமல் கயிறு போட்டுக் கட்டினோம். ராசு உட்கார இடமில்லாமல் குத்தவைத்தே வந்தான்.

வழக்கம்போல் நான்: "மூத்தவ மடியில இளையவ. கொடுத்து வச்சவன்டி நான்." சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு. வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வலி போல.

ஆக. 21, வியாழன்

வானம் மூட்டம். டாக்டர் சின்னப் பெண். முதுகெலும்பு உடைந்து நரம்பை அழுத்துகிறதாம். மதுரையில் ஆப்பரேசன், அதுவும் சீக்கிரம். "செஞ்சா நடப்பாங்கன்னு உறுதி சொல்ல மாட்டேன். செய்யலைன்னா..." முடிக்கவில்லை. முடித்திருக்கலாம்.

மல்லிகா: "வேணாம். என்னை வீட்டுக்குக் கொண்டு போங்க."

ராசு அழுதான். காதர் கெஞ்சினான். நான் நாலு ஜோக் சொன்னேன். பக்கத்துப் படுக்கைக்காரம்மா சிரித்தது. இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"'இடுப்புக்குக் கீழ போச்சு மாப்ளே. இந்த மாதிரி எத்தனை பேரை ஏத்திருக்கேன், ஒருத்தன் எந்திரிச்சதில்ல.' இது யாரு சொன்னது?"

நான்தான். நேத்து, முந்தல் தாண்டி, காதரிடம்.

முன் சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஜன்னல். கண்ணாடி எப்பவோ போச்சு. இஞ்சின் போடுகிற கூச்சலில் பின்னால் ஒண்ணும் கேட்காது என்றே இருந்துவிட்டேன். கூச்சல் எங்களுக்குத்தானாம். ராசுவைத் தனியாகக் கேட்டேன். "நல்லாக் கேட்டுச்சு மாமா. ரைஸ்மில்காரர் மருமக கோவிச்சுட்டுப் போனதுகூட."

அப்படியானால் இத்தனை வருசம் அங்கே படுத்து வந்தவர்கள்? 'இது தேறாது' என்று எத்தனை தடவை. வேண்டாம். நினைக்கக் கூடாது.

"நான் சும்மா பேசுறவன்தானடி, தெரியாதா ஒனக்கு?"

"எங்கிட்ட பேசுறதுதான் சும்மா. காதர் அண்ணன்கிட்ட பேசுறது நெசம்."

எழுந்து வெளியே வந்தேன்.

வராந்தாவில் காதர்: "நான் எதுவும் சொல்லலயே மாப்ளே."

"ம்-ன்னு சொன்ன."

"நீ என்ன சொன்னாலும் அதானய்யா சொல்லுவேன்!"

இட்லி வாங்கினேன். யாரும் சாப்பிடவில்லை. நானும்தான் (ஒண்ணு).

பட்டியல். முன்னால் எழுதின நாலையும் அடித்தாயிற்று. புதுசு:
கதவு நுழையணும்.
தரை தாழ்ந்து இருக்கணும்.
கூட வர்றவங்க உட்கார ஒரு இடம், பிடிக்க ஒரு கம்பி.
பின்னால கூப்பிட்டா முன்னால கேட்கணும். முன்னால பேசுறது பின்னால கேட்கவே கூடாது.

ஆக. 22, வெள்ளி

மழை விட்டிருக்கு. டாக்டர் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். மல்லிகா அசையவில்லை (எழுதிவிட்டுப் பார்க்கிறேன், என்ன வார்த்தை இது). எங்கள் பொறுப்பில் கொண்டு போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். ஆஸ்பத்திரிப் பலகையோடு ஏற்றினோம். பலகை சட்டத்தில் ஏறியது. வீட்டுக்குத்தான் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

காதருக்கு ஏற்கெனவே பாடம் சொல்லி வைத்திருந்தேன். முன் சீட்டில் சத்தமாகப் பொய் பேசுவது, அவள் காதில் விழட்டும் என்று. பட்டாளத்தில் ஒருத்தன் இதே மாதிரி விழுந்தான், இப்போ கபடி ஆடுறான். காதர் 'அப்பிடியா!'ன்னு சொல்லணும். நல்ல திட்டம். ஸ்டார்ட் பண்ணினேன். வாயைத் திறந்தேன். கபடிக்காரன் வரவில்லை.

"நான் எவனையும் பார்த்ததில்ல மாப்ளே."

"அப்பிடியா!" என்றான். பிறகு, "எவனை?"

"எந்திரிச்சவனை. எந்திரிக்காதவனையும். வாசல்ல எறக்கிவிடுவேன், வண்டியத் திருப்பிருவேன். அடுத்த லோடு. என்ன ஆச்சுன்னு திரும்பப் போயி ஒருத்தனையும் கேட்டதில்ல. கேட்கப் பயம். அதான் தேறாதுன்னு நானே முடிச்சு விட்டுருவேன். முந்தாநாளும் பயந்துபோயிச் சொன்னதுதான்."

"ம்."

"அந்த ம்-மை விடுறா."

"நெசமாவே தெரியாதா?"

"தெரியாது. அவ காலு வருமான்னும் தெரியாது. வராதுன்னும் தெரியாது."

ஆஸ்பத்திரி கேட். ஒரு பக்கம் போடி, வீடு; ஒரு பக்கம் மதுரை. நிறுத்திவிட்டேன். இஞ்சினையும் அணைத்துவிட்டேன். பின்னால் தகரத்தில் தட்டுகிற சத்தம். ராசு என்று நினைத்தேன். மல்லிகா.

"இந்தாங்க. மதுரைக்கு எம்புட்டு நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி நேரம். மூத்தவ நடைக்கு மூணு."

"அப்ப வாயை மூடிட்டு வெரசா ஓட்டுங்க." கொஞ்சம் கழித்து, "எறக்கி விட்டுட்டுத் திருப்பிட்டுப் போயிராதீங்க."

மதுரைப் பக்கம் திருப்பினேன்.

ஆக. 23, சனி

மதுரை. வெயில் மண்டையைப் பிளக்குது. காலையில் ஆப்பரேசனுக்கு உள்ளே கொண்டு போனார்கள். ராசு வாசலில், காதர் தொழப் போயிருக்கான், நான் வண்டியில்.

சுபேதார் போன். பட்டியல் எங்கேப்பா? ஒண்ணு பாக்கி சார் என்றேன். அது: ஏத்திட்டு வந்த ஆளு என்ன ஆனார்னு டிரைவருக்கு யாராச்சும் சொல்லணும். வண்டியில் பொருத்துகிற சாமான் இல்லை இது. எழுதலாமா?

உள்ளேயிருந்து இன்னும் ஒண்ணும் வரவில்லை. மத்தியானம் ஆச்சு.

செக்யூரிட்டி மறுபடி வந்து பானட்டைத் தட்டுகிறான். "யோவ், ஆளை எறக்கியாச்சுல்ல? வண்டிய எடு, வெளிய போ." ஓரமாக நகர்த்தினேன். இன்னும் ஓரமாக. சுவரோடு ஒட்டிவிட்டேன், என் பக்கத்துக் கதவுகூடத் திறக்காது. திரும்பவும் வருகிறான். சாவியைக் கழத்திச் சட்டைப் பையில் போட்டாச்சு.