கணவர் சொன்ன பதில்கள்

ஜூலை 7, திங்கள்
மழை இல்லை, காற்று மட்டும். விடுதி மாடியில் காயப்போட்ட யூனிஃபார்ம் பக்கத்துத் தென்னந்தோப்பில் கிடந்தது. அறைத்தோழி ரஹ்மத்தும் நானும் ஓடிப்போய் எடுத்துவந்தோம். எங்கள் ஊர் சின்னக்கானலில் நல்ல மழையாம், அம்மா போனில்.

இன்று முதல் நாடக வகுப்பு. நர்ஸிங்குக்கு எதற்கு நாடகம்? நோயாளியாக நடிப்பவரிடம் பேசிக்காட்டித் தேறினால்தான் ஆஸ்பத்திரிப் பணிக்கு அனுப்புவார்களாம். தியரியில் முதல் மார்க் நான். போன தடவை இந்தப் பேச்சுத் தேர்வில் கோட்டை விட்டவளும் நான். தேர்வெடுத்த மேடத்தின் குறிப்பு: "நோயாளியைப் பேச விடவில்லை." இந்த முறையும் போனால் ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். நினைத்தாலே மானம் போகிறது.

நாடக சார் (இனி நா.சா.) மலையாளி, தமிழ் நன்றாகவே வருகிறது. அவர் கணவர் வேஷம், ரஹ்மத் மனைவி, நான் நர்ஸ். ரஹ்மத்தின் காதில் ஏதோ சொன்னார். காட்சி தொடங்கியது. அக்காவுக்கு என்ன செய்கிறது என்று கேட்டேன். கணவர் பதில் சொன்னார். கைவலி, தூக்கமில்லை, சாப்பாடு குறைவு. ஒன்று விடாமல் கேட்டு முடித்தேன். வகுப்பே கைதட்டியது.

நா.சா. ரஹ்மத்திடம், "உனக்கு என்னம்மா அசுகம்?"
"மார்புல கட்டி சார். எங்கிட்ட யாருமே கேக்கலியே."

யாருக்கும் தப்பாகவே படவில்லை, அதுதான் கொடுமை. எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியிலும் அம்மாவின் வயிற்றுவலியை அப்பாதான் சொல்வார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஜூலை 9, புதன்
பயிற்சி. நோயாளியின் முகம் பார்த்து உட்கார வேண்டும், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் பாடம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பாள் அம்மா. இங்கே தலைகீழ்.
ரஹ்மத்: "தூங்குறப்பவே பேசுறவ நீ. உன்னாலயாடி முடியும்?" கழுதை. உண்மைதான்.
வாங்க வேண்டியவை: சோப்பு, ஹேர்பின், ரெக்கார்டுக்கு அட்டை.

ஜூலை 11, வெள்ளி
தேர்வு. நாடகக் குழுவிலிருந்து இருவர், கணவன் மனைவியாக. கணவர் நிறுத்தவே இல்லை. "சார், ஓ.பி. சீட்டுல சீல் வச்சுட்டு வந்துருங்க" என்று அனுப்பிவிட்டேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு, "நீங்க சொல்லுங்கக்கா." அந்த அக்கா பேசவில்லை. எனக்கு நாக்கு துடிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பேசாமல் இருக்க இவ்வளவு பாடா என்று அழுகையே வந்துவிட்டது. கடைசியில் அவர்தான் பேசினார்.

தேறிவிட்டேன்! ரஹ்மத்தும். கேன்டீனில் பழம்பொரி, அவள் செலவு.

ஜூலை 14, திங்கள்
ஆஸ்பத்திரியில் முதல் நாள், ஓ.பி. எருத்தேன்பதியிலிருந்து ஒரு தம்பதி, தோட்டம் வைத்திருப்பவர்கள். நான் கேட்டது அந்த அம்மாவை. பதில் அவரிடமிருந்து: "அசதிதானுங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

சீட்டு உத்தி பலிக்கவில்லை. சீல் ஏற்கெனவே வாங்கிவந்திருந்தார். "நா எங்கீங்க போறது, இவளுக்குப் பேசத் தெரியாதுங்க."

நாடகத்தில் இது இல்லையே. பிரஷர் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாவை மட்டும் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனேன். பார்த்து முடித்தும் நான் எழவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை.

அவர் முந்தானையை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். பிறகு மெதுவாக: "பேசத் தெரியாம இல்லீங்க அம்மிணி. தீட்டு நின்னு நாலஞ்சு வருசமாச்சுங்க. இப்ப மறுக்கா படுதுங்க. அவருகிட்டச் சொன்னா பயந்துக்குவாருங்க. சோறே எறங்காதுங்க அவருக்கு."

நானோ அந்த மனுஷரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

"டாக்டர்ட்ட நீங்களே சொல்லுங்கம்மா. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."
கொஞ்சம் யோசித்தார். "அவரும் வரட்டுங்க."

டாக்டர் அறை. கணவர் வாயைத் திறந்தார். "மாமா, நாஞ் சொல்றனுங்க" என்றார் அந்த அம்மா. எல்லாவற்றையும் சொன்னார். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் வெளுத்து. இப்போதே வந்தது நல்லது, ஸ்கேன் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். எத்தனை நாளாக என்று அடுத்த கேள்வியைக் கேட்டது, பழக்கத்தில், கணவரைப் பார்த்து.

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.
"நீயே சொல்லு புள்ள."