ஏழாவது வரி

பதுளை
14.9.1985

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவும் உம்மாவும் சுகம். வெலிமடையில் உங்கள் உம்மா, மாமியும் சுகம். என்னைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

உங்கள் தாள்கட்டு போன வாரம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. லீட்ஸிலிருந்து பதுளைக்குப் பத்து நாள். கவரின் ஒரு மூலை நனைந்திருந்தது. எண்கள் அழியவில்லை.

முதலில் வேலை. பிழை அகப்பட்டுவிட்டது.

நீங்கள் எழுதியிருந்தீர்கள்: கம்ப்யூட்டர் மெஷினில் ஒரு ஃபைலை, ஒரு கோப்பை, ஐந்து முறை திருத்தினால் ஐந்தையும் முழுதாக வைத்திருக்க இடமில்லை. ஆகவே கடைசிப் பிரதி மட்டும் முழுதாக இருக்கும். அதற்கு முந்தியவற்றுக்கு, எந்த வரியை எடுத்தால், எதை வைத்தால் பழையது திரும்பி வரும் என்ற குறிப்பு மட்டும். ஐந்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று, அப்படியே பின்னோக்கி. நான்கு சரியாக வருகிறது, மூன்று அசலோடு ஒத்துப்போகவில்லை என்று மட்டும் மெஷின் சொல்கிறது. எங்கே என்று சொல்லவில்லை. அதைக் காட்டுவதற்கான கருவியைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன், அது முடியும்வரை நீதான் என் கருவி, என்று.

பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான். நீங்கள் மெஷினுக்கு முன்னால். நான் வெளியே மரத்தடியில், தாளும் பென்சிலுமாக. பிழை எனக்குத்தான் முதலில் தெரியும். அதற்கு உங்களுக்குக் கோபம் வரும். இப்போது நடுவில் கடல். மற்றத் தம்பதிகள் குடும்பம் நடத்துகிறார்கள். நாம் பிழை திருத்துகிறோம்.

மெஷின் ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாக அச்சடித்திருந்ததால் முதல் இரண்டு நாளும் எண்களை எழுத்தாக்குவதிலேயே போயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்து, துணி ஸ்திரிக்கை போடும் மேசையில். பிறகு வரிகளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி வரிசையாக அடுக்கினேன். வாப்பா கடையிலிருந்து சாப்பிட வந்தவர் பார்த்துவிட்டு, "என்ன மகள், லொத்தர் குலுக்கப் போறியா? எனக்கும் ஒரு சீட்டுத் தா" என்றார். ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார். காற்றுக்குப் பறந்துவிடும் என்று.

நான்காம் பிரதிக்கான குறிப்பில் ஒரே ஒரு திருத்தம். அதனால்தான் அதில் பிழை வரவில்லை. மூன்றாம் பிரதிக்கு இரண்டு. இரண்டாவது வரியை எடு. ஏழாவது வரியை எடுத்து அந்த இடத்தில் இதை வை. உங்கள் புரோகிராம் செய்கிறபடியே நானும் மேலிருந்து செய்தேன். இரண்டாவது கீற்றை எடுத்தேன். கீழே இருந்தவையெல்லாம் ஒரு படி மேலே வந்துவிட்டன. இப்போது ஏழாவது இடத்தில் இருந்தது உண்மையில் எட்டாவது. அதை எடுத்துவிட்டேன்.



எல்லாக் கீற்றுகளையும் திரும்ப அடுக்கி, கீழிருந்து செய்து பார்த்தேன். முதலில் ஏழு. பிறகு இரண்டு. எதுவும் இடம் மாறவில்லை. மூன்றாம் பிரதி முழுதாக வந்தது. ஆகவே திருத்தங்களைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிச் செய்யச் சொல்லுங்கள். அவ்வளவுதான் பிழை. படிமுறைகளை நான்கு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

இனி வேலை இல்லாதது.

மச்சான், நீங்கள் எந்தக் கோப்பை அனுப்பினீர்கள் என்று பார்த்தீர்களா? "ஐந்து பிரதி உள்ள ஏதோ ஒன்று, கைக்கு அகப்பட்டதை அனுப்புகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். ஐந்து முறை திருத்தியது உங்களிடம் வேறென்ன இருக்கும். எனக்கு எழுதும் கடிதத்தை அந்த மெஷினில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடித்து, திருத்தி, பிறகு கையால் பிரதி எடுக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது. உங்கள் கடிதங்களில் ஏன் வெட்டே இருப்பதில்லை என்று யோசித்திருக்கிறேன். மனசில் சந்தேகம் இல்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அது ஜூலைக் கடிதம். பெட்டியிலிருந்து எடுத்து ஒப்பிட்டேன். ஐந்தாம் பிரதி சொல்லுக்குச் சொல் அதேதான். ஏழாவது வரி: இங்கே இன்னும் மூன்று வருட வேலை ஒப்பந்தத்தை ஏற்பது என்று தீர்மானித்துவிட்டேன், செப்டம்பர் முப்பதாம் திகதி கையெழுத்து.

நான்காம் பிரதியில் அதே வரி, ஏற்கலாம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவதில், நீயே சொல்.

மூன்றாவதோடு நிறுத்தியிருக்கலாம். நீங்கள் கேட்டது அதை மட்டும்தான். நான் நிறுத்தவில்லை. கீழிருந்து மேலே, கீழிருந்து மேலே. இரண்டாவதில், இங்கே இருக்க எனக்கு விருப்பமில்லை, உம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.

முதலாவதில், வா என்று ஒரு சொல் எழுது, வந்துவிடுகிறேன்.

தெரிந்துதான் அனுப்பினீர்களா என்று கேட்கமாட்டேன்.

அந்த ஜூலைக் கடிதத்துக்கு நான் எழுதிய பதில் உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் முடிவே என் முடிவு, சந்தோசம். அழகான கையெழுத்தில், வெட்டில்லாமல். அதற்கு முன் எழுதிய மூன்றையும் கிழித்து அடுப்பில் போட்டேன். என்னிடம் உங்களுடைய மெஷின் இல்லை. அவற்றை இனி யாரும் மீட்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வெலிமடைக்குப் போனேன். மாமி கறிக்கு ஒரு கட்டு லீக்ஸ் தந்தார். பாதி கட்டி நிற்கிற வீட்டைக் காட்டினார். ஜன்னல் மட்டத்துக்குச் சுவர் எழும்பியிருக்கிறது. குவித்திருக்கும் செங்கல்லில் பாசி. "அவன் அங்கேயே ஈக்கட்டும் மகள். நாடு ஈக்கிற நெலைமைக்கு இங்க வந்து என்னத்தச் செய்யிற? ஊடும் முடியோணும்" என்றார். சொல்லிவிட்டு, நான் புறப்படும்போது உங்கள் பழைய ஸ்வெட்டரைக் கையில் தந்து, "வெயில்ல போட்டு வைங்க, பூச்சி அரிக்கும்" என்றார். இரண்டு வருடமாக அதை அவர் தலையணைக்குக் கீழே வைத்திருந்திருக்கிறார். மடிப்பில் தெரிந்தது.

அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னபடி.

வியாழக்கிழமை தந்தி கொடுக்கலாம் என்று தபால் கந்தோருக்குப் போனேன். கவுண்டரில் பொன்னையாதான் இருந்தார். படிவத்தை வாங்கினேன். உங்களுக்குத் தெரியும், அவர் சொற்களை உரக்கப் படித்துத்தான் எண்ணுவார். எனக்குப் பின்னால் மாமியின் தங்கை லரீபா முத்திரை வாங்க நின்றார். அவர் காதில் விழுந்தால் அஸர் தொழுகைக்கு முன் வெலிமடைக்குப் போய்விடும். பேனையைப் பிடித்தபடியே நின்றேன். பொன்னையா, "என்னாங்க டீச்சர், ஒரு வார்த்த எழுத இம்புட்டு நேரமா? புள்ளைங்களுக்குக் கணக்கு எப்புடிங்க சொல்லிக் குடுக்குறீங்க?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படிவத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் அதில் உங்கள் விலாசம் மட்டும் இருக்கிறது.

ஆகவே கடிதம். இன்று தபாலில் சேர்த்தால் இருபத்துநான்காம் திகதிக்குக் கிடைக்கும். மழைக்குப் பாதையில் மண் சரிந்து ரயில் நின்றால் இரண்டு நாள் கூடும். முப்பதுக்கு முன் வந்துவிடும். எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கடைசியில் எழுதுவதாகச் சொன்னேன்.

மாலையில் பள்ளிக்கூடத்திலிருந்து பாலத்தைத் தாண்டி வரும்போது ரயில் கூவும். ரயில் இதற்கு மேல் போகாது. பாதை இங்கேயே முடிகிறது. வந்தவர்கள் எல்லோரும் இறங்கித்தான் ஆகவேண்டும். நான் நின்று அவர்கள் வெளியே வருவதைப் பார்ப்பேன். கடைசி ஆள் வரும்வரை. பிறகு வீட்டுக்குப் போவேன். யாரிடமும் சொன்னதில்லை.

இந்தக் கடிதத்தை நான் பிரதி எடுக்கவில்லை. வெட்டிய இடங்கள் வெட்டியபடியே போகின்றன. நான்கு இடம். ஒற்றைக் கோடுதான் போட்டிருக்கிறேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அடியில் உள்ளது தெரியும். மேலிருந்து பார்க்கவேண்டாம், மச்சான். கீழிருந்து தொடங்குங்கள். கடைசி வெட்டு என் பெயருக்கு நேர் மேலே இருக்கிறது. ஒரு சொல்தான்.

முப்பதாம் திகதி உங்கள் கை பேனையை எடுக்கும்போது அல்லாஹ் அந்தக் கையோடு இருப்பானாக.

உங்கள்
றஷீனா