பொய் இருமல்

என் வீட்டுக்காரருக்கு,

பேச வாயெடுத்தாலே எழுந்து போய்விடுகிறீர்கள். அதனால்தான் பக்கத்து அறையிலிருந்து கடிதம் எழுதுகிறேன்.

நேற்று உங்கள் அண்ணன் போனில் என் உடம்பைப் பற்றி விசாரித்தபோது, "ஒண்ணுமில்லண்ணே, வெறும் சளிதான். நாலு நாள்ல சரியாயிடும்" என்றீர்கள். என் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் வந்திருப்பது புற்றுநோய். மிக அபூர்வமானது என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் என் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்?

இன்று காலை உங்கள் அண்ணியே இருமல் மருந்தோடு வந்துவிட்டார். மூச்சு விடவே திணறுகிறவள் நான். உங்கள் மானத்தைக் காப்பாற்ற அவர் எதிரே பொய்யாக இருமவும் வேண்டுமா? இருமினேன்.

தினமும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறீர்கள். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. குழாயை மூடிவிட்டு இங்கே வந்து அழுங்கள். நானும் அழ வேண்டியிருக்கிறது.

உங்கள் மனைவி